மபுலா அக்கா போடாத கையெழுத்து

மபுலா அக்கா கையெழுத்துப் போட மறுத்த காகிதத்தில் மூன்றே வரிதான் இருந்தது. ஐசியூ வார்டில் என் துப்புரவு வேலையை நான் சரியாகச் செய்யாததால் கிருமி பரவியது என்று ஒப்புக்கொள்கிறேன். இனி இப்படி நடக்காது. இதைக் கடைசி எச்சரிக்கையாக ஏற்கிறேன். போட்டால் வேலை இருக்கும், போடாவிட்டால் விசாரணை. விசாரணைக்குப் போன துப்புரவுப் பெண்களில் மறுபடி வேலைக்கு வந்தவர் என்று எங்கள் மருத்துவமனையில் யாரையும் நான் பார்த்ததில்லை.

காகிதத்தை நீட்டியவர் துப்புரவு ஒப்பந்தக் கம்பெனியின் மேற்பார்வையாளர் ஃபூரி. பேனாவின் மூடியைக் கழற்றி அதையும் சேர்த்து நீட்டினாராம். அக்கா பேனாவை வாங்கினாள், மூடியை மாட்டினாள், திருப்பிக் கொடுத்தாள்.

"தொறந்து வச்சா மை காஞ்சிடும் சார்" என்றாள்.

அவள் அப்படித்தான். ஹம்மான்ஸ்க்ராலிலிருந்து பிரிட்டோரியா வருகிற காலை டாக்ஸி வேனில், எங்கள் தென்னாப்பிரிக்காவின் ஜூலைக் குளிரில், ஜன்னலைத் திறக்கிற ஒரே ஆள் மபுலா மொச்சானேதான். பதினைந்து பேரும் போர்வைக்குள்ளிருந்து திட்டுவார்கள். "பதினஞ்சு பேர் விட்ட மூச்சை நான் எதுக்குக் குடிக்கணும்? குளிருதுன்னா இன்னொரு போர்வை எடுத்துட்டு வாங்க" என்பாள். டிரைவர்கள் அவளைப் பார்த்ததும் வண்டி நிறைந்துவிட்டது என்று கை காட்டுவார்கள். நடுரோட்டில் நின்று ஏறிக்கொள்வாள். அந்த டாக்ஸியில் நானும் போயிருக்கிறேன், நானும் திட்டியிருக்கிறேன்.

என் பெயர் போன்ட்லே. அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஆய்வகத்தில் வேலை. ரத்தம், சளி, சீழ் எது வந்தாலும் அதில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. இந்தக் கதையில் நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை ஒளித்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா இருபது வருடமாக ஐசியூவில் துடைக்கிறாள். அவள் அம்மா வெள்ளைக்காரர் வீட்டில் தரை துடைத்தவள், முட்டி போட்டு. "நான் நின்னுக்கிட்டுத் துடைக்கிறேன். அதுதான் எங்க வம்சத்து முன்னேற்றம்" என்று சிரிப்பாள். புருஷன் ருஸ்டன்பர்க் சுரங்கத்துக்குப் போனவன், போனவன்தான். இரண்டு பெண்களை வளர்த்து ஒருத்தியை டீச்சர் ஆக்கிவிட்டாள். தெருவின் ஈமச்சடங்குச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெரிய இரும்புச் சட்டிகளோடு முதலில் நிற்பது அவள்தான்.

2009இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. ஒரு நாள் கட்டிலைத் துடைக்கும்போது பக்கத்தில் இருந்த மானிட்டரில் ரத்தக்கறை இருந்ததைப் பார்த்து, அதையும் துடைத்துவிட்டாள். சிஸ்டர் மசேகோ பார்த்துவிட்டார். அப்போதே அவர்தான் வார்டுக்குப் பொறுப்பு. மாப் பிடிக்கிற கையை மெஷின்மேல் வைக்காதே என்று நோயாளிகள், டாக்டர்கள், பார்க்க வந்தவர்கள் எல்லார் முன்னாலும் கத்தினார். வேறு ஒருத்தியாக இருந்தால் கழிப்பறையில் போய் அழுதிருப்பாள். அக்கா யூனியனுக்குப் போனாள். மூன்று மாதம் அலைந்து எழுத்தில் வாங்கிவிட்டாள்: துப்புரவுத் தொழிலாளர் மருத்துவக் கருவி எதையும் தொடத் தேவையில்லை, தொடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. நர்ஸுகள் சும்மா இருப்பார்களா? அவர்களும் தங்கள் யூனியனுக்குப் போய் ஒரு காகிதம் வாங்கினார்கள்: துடைப்பது, கழுவுவது நர்ஸின் வேலை அல்ல. இரண்டு காகிதமும் வார்டு அறிவிப்புப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. அக்கா தினமும் காலையில் தன் காகிதத்தின் மேல் படிந்த தூசியை மட்டும் தட்டிவிட்டுப் போவாள். சிஸ்டரின் காகிதத்தில் தூசி அப்படியே இருக்கும்.

2015இல் ஒப்பந்தக் கம்பெனி மாறியது. புதுக் கம்பெனி ப்ளீச்சை நிறுத்திவிட்டு நீல நிறத்தில் ஒரு திரவம் கொண்டுவந்தது. நல்ல வாசனை, மூக்கில் எரியாது, சீருடை வெளுக்காது. எல்லாருக்கும் சந்தோஷம். அக்கா ஒருத்திக்குத்தான் பிடிக்கவில்லை. பூ வாசனை வந்தால் சுத்தம் என்று யார் சொன்னது, கல்யாண வீட்டில்கூட வாசனை அடிக்கிறது, அங்கே ஆபரேஷன் பண்ணுவீர்களா என்று ஃபூரியிடமே கேட்டிருக்கிறாள். அவர் கழுவுற மீனில் நழுவுற மீன். மேலிடத்து முடிவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா வீட்டிலிருந்து ப்ளீச்சைப் பழைய இஞ்சி பீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வர ஆரம்பித்தாள். எட்டுக் கட்டில் வார்டில் ஒன்று முதல் நாலு வரை அவள் பொறுப்பு, மீதி நாலு இன்னொருத்தி பொறுப்பு. அவள் பக்கம் நீச்சல் குளம் மாதிரி நாறும். பாட்டில் இரண்டு தடவை பிடிபட்டது. யாராவது எடுத்துக் குடித்துத் தொலைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். "இஞ்சி பீர் ஐசியூல எந்த நோயாளிக்குக் குடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு மறுநாளும் கொண்டுவந்தாள்.

அடுத்த வருடம் மார்ச்சில் ஐந்தாம் கட்டில் நோயாளியின் ரத்தத்தில் ஈஸ்ட் வளர்ந்தது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான். உடம்பில் தெம்பு இல்லாத, கழுத்தில் குழாய் ஏறின நோயாளி கிடைத்தால் ரத்தத்துக்குள் குடியேறிவிடும். எங்கள் ஆய்வகத்து மெஷினில் வைத்தேன். லுசித்தானியே என்று ஒரு பெயர் கொடுத்தது. நாங்கள் எப்போதாவது பார்க்கிற பெயர்தான், சாதாரணப் பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிறகு ஏழாம் கட்டில், அப்புறம் ஆறு, எட்டு, மறுபடி ஐந்து. ஒவ்வொரு தடவையும் அதே பெயர். அபூர்வமாக வருகிற ஒன்று ஒரே வார்டில் ஐந்து தடவை எப்படி வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மெஷின் தொண்ணூற்று மூன்று சதவிகிதம் நிச்சயம் என்றது, நான் மெஷினை நம்பினேன். அவர்களுக்கு யூனியன் காகிதம் மாதிரி, எனக்கும் ஒளிந்துகொள்ள மெஷின் கொடுத்த காகிதம் ஒன்று இருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஆறாவது ஆள் ஓஃபென்சே. மபோப்பானேயில் இரும்புக் கேட் வெல்டிங் செய்கிற இருபத்தாறு வயதுப் பையன். கேட் ஒன்று சரிந்து வயிற்றில் விழுந்து குடல் கிழிந்து வந்தவன். அவன் இருந்தது மூன்றாம் கட்டிலில், அக்காவின் பக்கம்.

தொண்டைக் குழாயை எடுத்த முதல் நாளே அக்காவோடு சண்டை பிடித்தான். கால்பந்தில் அக்கா பைரட்ஸ் கட்சி, அவன் சீஃப்ஸ் கட்சி. "பெரியம்மா, நேத்து உங்க ஆளுங்க கோல் போஸ்ட்டைத் தேடிக்கிட்டு இருந்தாங்களாமே, கெடச்சுதா?" என்பான். அக்கா மாப்பால் கட்டில் காலை ஓர் இடி இடிப்பாள். நீ முதலில் எழுந்து கழிப்பறை வரை நடந்து காட்டு, அப்புறம் கோல் போடுவதைப் பற்றிப் பேசு என்பாள். அவன் சிரித்தால் தையல் வலிக்கும். வலிக்கிறது என்று அதற்கும் இவளைத்தான் திட்டுவான்.

ஜூன் முதல் வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தம் என்னிடம் வந்தது. ஈஸ்ட். மெஷின் அதே பெயரைச் சொன்னது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் ஃப்ளூகொனசோல் என்கிற அந்தச் சாதாரண மருந்தை ஆரம்பித்தார். என் ரிப்போர்ட்டை நம்பித்தான். கட்டிலைத் தனியறைக்கு மாற்றிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள். அவன் அம்மா தினமும் ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். உள்ளே போனவர்கள் டாக்டர், நர்ஸுகள், மாப்போடு மபுலா அக்கா.

ஒன்பது நாள் மருந்து போயும் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாவது ரத்தத்திலும் ஈஸ்ட். டாக்டர் கீழே வந்து என் மேஜை முன் நின்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஈஸ்ட்டைத் தட்டில் பரப்பி அதன்மேல் மருந்து தோய்த்த தாள் பட்டையை வைத்தேன். மருந்து கேட்டால் பட்டையைச் சுற்றி வெற்றிடம் விழும். மறுநாள் பார்த்தேன். பட்டையின் விளிம்பு வரை வளர்ந்து, ஓரத்தில் ஏறிக்கூட உட்கார்ந்திருந்தது. உடனே வேறு மருந்துக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். கிருமியை ஜோஹானஸ்பர்க் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பதில் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஓஃபென்சே இறந்துபோனான்.

பதிலில் இருந்த பெயர் ஆரிஸ். கேண்டிடா ஆரிஸ். புது வகை, எங்கள் மெஷினின் பட்டியலிலேயே கிடையாது. பட்டியலில் இல்லாத முகத்தைப் பார்த்தால் மெஷின் தெரியாது என்று சொல்லாது, பக்கத்து வீட்டுக்காரன் பெயரைச் சொல்லும். நானும் அதைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓஃபென்சேயின் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நிர்வாகத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார். கிருமி வார்டில்தான் ஒட்டியிருக்கிறது, சுத்தத்தில் குறை இருந்திருக்கிறது, நடவடிக்கை எடுக்கிறோம் என்றார். ஆய்வகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த அறையைச் சுத்தம் பண்ணுவது யார்? பெயரைச் சொல்லிவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

சனிக்கிழமை அடக்கம். அக்கா விடியற்காலையிலேயே கறுப்புப் பாவாடை கட்டி, தலைத்துணி சுற்றி மபோப்பானேக்குப் போயிருக்கிறாள். வாசலில் பையனின் மாமா ஒருவர் கையை நீட்டி மறித்தார். அழுக்கைத் துடைக்காமல் பிள்ளையைக் கொன்றுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தாயா என்று கேட்டாராம். ஈமச்சடங்குச் சங்கத் தலைவியைச் சாவு வீட்டு வாசலில் வைத்து அப்படிக் கேட்டது, என்னைக் கேட்டால், கன்னத்தில் அறைந்ததைவிட மோசம். அக்கா திரும்பி டாக்ஸி ஏறியிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் ஜன்னலைத் திறக்கவில்லை. அதைச் சொன்னது டிரைவர்.

அடுத்த வாரம் அந்த அம்மாவின் புகார்க் கடிதம் அவள் பெயரைப் போட்டே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஃபூரி காகிதத்தோடும் பேனாவோடும் வந்தார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்த கையோடு அக்கா நேராகக் கீழே என் ஆய்வகத்துக்கு வந்தாள். மாப் பக்கெட்டோடு.

"போன்ட்லே, நீ அழுக்குப் பாக்குற ஆளுதானே? வா. என் அழுக்கை வந்து பாரு."

"அக்கா, அதுக்கெல்லாம் மேல கேக்கணும்."

"கேளு. நீ கேட்டு முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கெட்டு இங்கேயே இருக்கும். தண்ணி கொஞ்சம் நாறும், பரவால்லையா?"

எங்கள் தலைமை அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, உன் சொந்த நேரத்தில் செய்துகொள் என்று அனுமதி கொடுத்தார். நான் பஞ்சுக்குச்சிகளோடு மேலே போனேன். தரை, கட்டில் கம்பி, அலமாரி, கதவுப் பிடி, மாப் துணி, எட்டுக் கட்டிலிலும் தேய்த்து மாதிரி எடுத்தேன். அக்கா பின்னாலேயே வந்தாள். இங்கே எடு, அதற்கு அடியில் எடு, என்மேல் இரக்கப்பட்டு மேலாக எடுக்காதே என்று விரட்டினாள். கடைசியில் நானாகவே, கருவிகளிலும் எடுக்கிறேன் என்றேன். அது சிஸ்டருடைய விஷயம், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

ஐந்து நாள் கழித்து அவளைக் கூப்பிட்டுத் தட்டுகளைக் காட்டினேன். நீலத் திரவப் பக்கம் கட்டில் கம்பியிலும் அலமாரியிலும் ஆரிஸ் கொத்துக் கொத்தாக வளர்ந்திருந்தது. அந்தத் திரவம் இதை ஒன்றும் செய்வதில்லை, வாசனை பிடித்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கிறது. அக்காவின் பக்கம் தரை, கம்பி, அலமாரி, மாப் எதிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. தட்டுகளையே பார்த்தாள்.

"அப்புறம் அந்தப் பையனுக்கு எப்படி வந்துச்சு?"

நான் கடைசித் தட்டுகளை எடுத்து வைத்தேன். நோயாளியின் அக்குளில் செருகிக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர், ஒயரோடு இருக்குமே, வார்டில் அது நாலே நாலுதான். எட்டுக் கட்டிலுக்கும் மாறி மாறிப் போகும். நாலிலும் ஆரிஸ் இருந்தது. ஓர் அக்குளிலிருந்து எடுத்து அப்படியே அடுத்த அக்குளுக்கு. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கப் போனதே காய்ச்சலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதை யாரும் துடைக்கறதில்ல. எனக்குத் தெரியும்" என்றாள். "நர்ஸு எடுக்கும், செருகும், கொக்கியில மாட்டும். ஒயருல வேர்வை காஞ்சு வெள்ளையா இருக்கும். தினமும் பாத்திருக்கேன். என் துணி கையிலதான் இருக்கும். பாட்டிலும் இடுப்புலதான் இருக்கும்."

"உனக்குத்தான் தொடக் கூடாதுன்னு..."

"எனக்கு யாரும் சொல்லல. நான்தான் எழுதி வாங்கினேன்."

நர்ஸுகள் ஒரு பக்கம் வென்றார்கள், இவள் ஒரு பக்கம் வென்றாள், நடுவில் அந்த ஒயர் யாருடையதும் இல்லாமல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அக்கா, இந்தக் கிருமிக்கு ஏன் மருந்து கேட்கவில்லை என்று கேட்டாள். ஊர் உலகமெல்லாம் எதற்கெடுத்தாலும் அதே மருந்தைக் கொடுத்துக் கொடுத்து, அதில் சாகாமல் தப்பினது எல்லாம் பெருகிவிட்டது என்றேன். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது, முதலில் ஒரு ஜப்பான்காரியின் காதில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர் என்றும் சொன்னேன்.

"பேரு மட்டும் காது" என்றாள் அக்கா. "சொன்ன பேச்சு எதுவும் ஏறாது. என்னை மாதிரிதான்."

சிரிக்கவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை அவள் தெர்மாமீட்டர் ஒயர்களை ப்ளீச்சில் துடைத்துக்கொண்டிருந்ததை வார்டே பார்த்தது. சிஸ்டர் மசேகோவும் பார்த்தார், தடுக்கவில்லை. தட்டுகளை நான் அவருக்கும் காட்டியிருந்தேன்.

விசாரணை ஜூலை கடைசியில். வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மாவை நடுவராகப் போட்டிருந்தார்கள். குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, சரிவரச் சுத்தம் செய்யவில்லை. இரண்டு, அனுமதியில்லாத ப்ளீச்சைக் கொண்டுவந்து பயன்படுத்தினாள். ஃபூரி வாசித்து முடித்ததும் அக்கா எழுந்தாள்.

"அம்மா, ஒரு சந்தேகம். நான் சுத்தம் பண்ணலைன்னு ஒரு கேஸு. ரொம்ப சுத்தம் பண்ணிட்டேன்னு ஒரு கேஸு. ரெண்டுல எதுக்கு என்னை வேலையவிட்டு அனுப்பப் போறீங்கன்னு சொன்னா, அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போவேன்."

நடுவர் சிரிப்பு வந்த வாயைப் பேனா பிடித்த கையால் மறைத்துக்கொண்டார்.

யூனியன் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சாட்சிகளை அவளே கேள்வி கேட்டாள். என் முறை வந்தது. தட்டுகளைப் பற்றி மட்டும் பேசு, மற்றதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று எங்கள் அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். தட்டுகளைப் பற்றிப் பேசினேன். அக்காவின் பக்கம் சுத்தம், நீலத் திரவத்துக்கு இந்தக் கிருமி சாகாது, எல்லாம் சொன்னேன். அவள் என் சிநேகிதி, இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஓஃபென்சேயோட முதல் ரிப்போர்ட்டுல என்ன பேரு எழுதியிருந்துச்சு?"

சொன்னேன்.

"அது சரியா தப்பா?"

"தப்பு."

"யாரு எழுதினது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமும் இல்லை, தயவும் இல்லை. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் பயமில்லை. கனமெல்லாம் என் மடியில்தான் இருந்தது.

"நான்தான்" என்றேன்.

அதன்பிறகு தன் பங்கையும் அவளே சொன்னாள், யாரும் கேட்காமலேயே. 2009 காகிதத்தைப் பலகையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். இது நான் வாங்கியது, இதனால்தான் ஒயரைத் தொடாமல் வேடிக்கை பார்த்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் துடைக்க வேண்டியதைத் துடைக்கவில்லை என்று மட்டும் செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அப்போது சிஸ்டர் மசேகோ தாமாகவே எழுந்து, அந்தக் காகிதம் வாங்கவைத்தது நான்தான், நான் அன்றைக்குப் பேசியது தப்பு என்றார். ஏழு வருடம் கழித்து. அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் காதில் வாங்கிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் குற்றச்சாட்டு தள்ளுபடி. இரண்டாவதற்கு எழுத்தில் எச்சரிக்கை. ஃபூரி பயந்துகொண்டேதான் அந்தக் காகிதத்தை நீட்டினார். அக்கா தன் பேனாவையே எடுத்து வேகமாகக் கையெழுத்துப் போட்டாள். "பாட்டில் கொண்டாந்தது உண்மைதானே" என்றாள். அடுத்த மாதமே நீலத் திரவத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியே ப்ளீச் வாங்கியது. ஒயர்களுக்கு ஓர் ஆளைப் போட்டு அட்டவணையும் மாட்டினார்கள்.

நான் அதோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போகப் பார்த்தேன். அக்கா டாக்ஸி நிறுத்தத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வக்கீலம்மா சொன்னா போதுமா? என்னைக் கொலைகாரின்னு சொன்னது அந்த வீடு. ஞாயித்துக்கிழமை நீ என்கூட வர்றே."

வேலை போகுமே என்று பயந்தேன், அதைச் சொல்லவும் செய்தேன். எனக்கும் அந்தப் பயம் மூன்று வாரம் இருந்தது, ஒன்றும் ஆகிவிடவில்லை என்றாள்.

ஞாயிறு சர்ச் முடிந்த நேரம். அதே வாசல். இந்தத் தடவை மாமா இல்லை. ஓஃபென்சேயின் அம்மா கறுப்பு உடையில் வெளியே வந்து எங்களைப் பார்த்தார். அவருக்கு அக்காவை அடையாளம் தெரிந்துவிட்டது. என்ன நினைத்தாரோ, உள்ளே விட்டார். முன்னறையில் நாற்காலியைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை.

"சொல்லு" என்றாள் அக்கா என்னிடம்.

சொன்னேன். உங்கள் மகன் ரத்தத்தில் இருந்த கிருமிக்குத் தப்பான பெயர் எழுதியது நான். அதை நம்பித்தான் வேலை செய்யாத மருந்தை ஒன்பது நாள் கொடுத்தார்கள்.

"சரியான பேரை எழுதியிருந்தா பொழச்சிருப்பானா?"

"தெரியாதும்மா. சரியான மருந்து ஒம்பது நாள் முன்னாடியே போயிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் சுவரைப் பார்த்தார். அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"காய்ச்சல் பாக்குற ஒயருலதான் அது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அழுக்கா இருக்குன்னு எனக்குத் தெரியும், நான் தொடல. அதுக்கு நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க, நின்னு கேட்டுக்கிறேன். ஆனா உங்க பையன் கெடந்த எடத்தை நான் துடைக்கலைன்னு எழுதியிருக்கீங்க. அது பொய். அதை நீங்க உங்க வாயால திரும்ப எடுத்துக்கணும்."

பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு உடம்பு கூசியது. பக்கத்து வீட்டு ரேடியோவில் சர்ச் பாட்டு ஒன்று பாதியில் நின்று அடுத்த பாட்டு தொடங்கியது.

"தினமும் ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு வெளிய நின்னேன்" என்றார் கடைசியில். "நீ கட்டில் காலைக்கூட விடல. குனிஞ்சு குனிஞ்சு துடைச்சே. அவன் ஏதோ சொன்னான், நீ மாப்பால கட்டிலை இடிச்சே, அவன் சிரிச்சான். எல்லாம் பாத்தேன். பாத்துட்டுத்தான் எழுதினேன். யாரு மேலயாவது எழுதாம என்னால தூங்க முடியல. அவங்க உன் பேரைக் குடுத்தாங்க, நான் உன் பேரை எழுதிட்டேன்."

அக்கா காத்துக்கொண்டு நின்றாள்.

"நீ துடைச்சே" என்றார் அவர். "என் பையனை நீ கொல்லல. நாளைக்கு நானே வந்து எழுதித் தரேன். உக்காரும்மா."

அக்கா உட்கார்ந்தாள். தலைத்துணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபது வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன்.

"நீ நில்லு" என்றார் அந்த அம்மா என்னைப் பார்த்து. "இன்னொரு தடவை சொல்லு. அவன் ரத்தம் உன் கைக்கு வந்ததுல இருந்து சொல்லு. எதையும் விடாத."

நான் நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.